போர்க்கைதிகளின் பண்ணை வேலை: கூலியா, கட்டாய உழைப்பா?

ஏர்முனை (கேள்வி):

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அல்கோனா என்னும் சிற்றூரில் இயங்கிய போர்க்கைதிகள் முகாமைப் பற்றி அண்மையில் வாசித்தேன். அங்கிருந்த ஜெர்மானியக் கைதிகள் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வேலை செய்தார்கள் என்றும், அவர்களில் சிலர் சேர்ந்து செய்த கிறிஸ்துமஸ் குடில் இன்றும் டிசம்பர்தோறும் அவ்வூரில் காட்சிக்கு வைக்கப்படுகிறது என்றும் அதில் எழுதியிருந்தது. வாசிக்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் வாசித்து முடித்தபின் சில ஐயங்கள் எழுந்தன. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நேற்றுவரை துப்பாக்கியுடன் எதிரே நின்ற ஒருவனைக் குடியானவரின் வயலுக்கு வேலைக்கு அனுப்பும் ஏற்பாட்டை யார் செய்தார்கள்? கூலி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? வேலியே இல்லாத வயல்வெளியில், ஒன்றிரண்டு காவலர்களை மட்டும் வைத்துக்கொண்டு வேலை வாங்கியபோது அவர்கள் ஏன் தப்பி ஓடவில்லை? எல்லாவற்றுக்கும் மேலாக, கைதிகள் பண்ணை வீட்டு மேசையில் அமர்ந்து சாப்பிட்டதாகவும், வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியதாகவும், போருக்குப் பின்னும் கடிதம் எழுதியதாகவும் சொல்லும் நினைவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்? மாட்டேன் என்று மறுக்க முடியாத ஒருவனிடம் வேலை வாங்கிவிட்டு, அவனுக்கு நல்ல சாப்பாடு போட்டோம் என்று பெருமைப்படுவது சற்று நெருடலாக இருக்கிறது.


பழைய ஏடு (மறுமொழி):

ஏர்முனை அவர்களுக்கு வணக்கம். ஏற்பாட்டையும் கூலியையும் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு அமெரிக்காவை வைத்தே விடை சொல்கிறேன். மற்றவற்றை வேறு நண்பர்கள் தொடுவார்கள்.

1943 மே மாதம் துனிசியாவில் அச்சு நாடுகளின் படைகள் சரணடைந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியரும் இத்தாலியரும் ஒரேயடியாக நேச நாடுகளின் கையில் சிக்கினார்கள். அத்தனை பேரையும் வைத்துக்கொள்ளப் பிரிட்டனில் இடமும் போதவில்லை, உணவும் போதவில்லை. அமெரிக்காவிலிருந்து படைவீரர்களையும் தளவாடங்களையும் ஏற்றிவந்த கப்பல்களோ திரும்பும்போது வெறுமையாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கப்பல்களில் கைதிகளை ஏற்றி அனுப்பினார்கள். இவ்வாறு அமெரிக்க மண்ணுக்கு வந்துசேர்ந்தவர்களின் தொகை மொத்தம் சுமார் 4,25,000. அவர்களில் 3,70,000க்கும் மேற்பட்டோர் ஜெர்மானியர், ஏறத்தாழ 50,000 பேர் இத்தாலியர், சில ஆயிரம் பேர் ஜப்பானியர். பெரிய முகாம்களும் அறுவடைக் காலத்தில் மட்டும் முளைத்த கிளை முகாம்களுமாக நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட இடங்களில் அவர்கள் பிரித்து வைக்கப்பட்டார்கள்.

அதே ஆண்டுகளில் பண்ணைகளில் ஆள் இல்லை. இளைஞர்கள் படைக்குப் போனார்கள். படைக்குப் போகாதவர்கள் கூடுதல் கூலி கொடுத்த ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1942இல் மெக்சிகோவுடன் ஓர் உடன்பாடு செய்து அங்கிருந்து விவசாயத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். பள்ளி மாணவர்களையும் நகரப் பெண்களையும் வயலுக்கு அழைத்தார்கள். முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக்கூட சர்க்கரை பீட் வயல்களுக்கு அனுப்பினார்கள். போர்க்கைதிகள் இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பண்ணைக்காரர்கள் அவர்களை முதலில் விரும்பிக் கேட்டதாகச் சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் கேட்டார்கள்.

நடைமுறை இதுதான். ஆள் தேவைப்படும் பண்ணைக்காரர் தமது மாவட்டத்தின் வேளாண் விரிவாக்க அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அப்பகுதியில் கூலிக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று அதிகாரிகள் சான்றளித்த பிறகே ராணுவத்துடன் ஒப்பந்தம் எழுதப்படும். அந்த வட்டாரத்தில் அதே வேலைக்கு என்ன கூலி நடப்பில் இருக்கிறதோ அந்தக் கூலியைப் பண்ணைக்காரர் முழுமையாக அரசுக் கருவூலத்தில் கட்ட வேண்டும். ஆனால் கைதிக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 80 சென்ட் மட்டுமே. போர் தொடங்கிய காலத்தில் அமெரிக்கப் படையின் அடிநிலை வீரருக்கு மாதச் சம்பளம் 21 டாலர். அதை வேலை நாள்களால் வகுத்துத்தான் இந்த 80 சென்ட் வந்தது. அதையும் ரொக்கமாகத் தருவதில்லை, ஏனெனில் கையில் ரொக்கம் இருந்தால் தப்பி ஓடுவது எளிதாகிவிடும். முகாமின் உள்ளே இருந்த கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டுகளாகக் கொடுத்தார்கள். சிகரெட், சவரச் சோப்பு, சில முகாம்களில் பீர் ஆகியவற்றை அந்தச் சீட்டுகளைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மீதியைக் கணக்கில் சேர்த்து வைக்கலாம்.

பண்ணைக்காரர் கட்டியதற்கும் கைதி பெற்றதற்கும் இடையிலான தொகை அரசுக்குப் போனது. முகாம்களை நடத்தும் செலவில் ஒரு பகுதியை அது ஈடுகட்டியது. நடப்புக் கூலியை முழுமையாக வசூலித்ததற்குக் காரணம் கைதிகள் மேல் இருந்த கரிசனம் அன்று. மலிவான ஆள் கிடைத்துவிட்டால் உள்ளூர்த் தொழிலாளரின் பிழைப்பில் மண் விழும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்திருந்தன. அந்தப் பாதுகாப்பு எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி வேலை செய்ததா என்றால், என் கருத்தில் இல்லை. தெற்கு மாநிலங்களின் பருத்திப் பகுதிகளில் நடப்புக் கூலி எது என்று சொல்வதிலேயே நிலக்கிழார்களின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. அங்கே கூடுதல் கூலி கேட்கத் தொடங்கியிருந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கைதிகளின் வருகை எந்த வகையிலும் உதவியிருக்க முடியாது.


மேழி (மறுமொழி):

ஏற்பாட்டைப் பற்றிப் பழைய ஏடு அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார். வேலை எப்படிப்பட்டது என்பதை நான் சேர்க்கிறேன், ஏனென்றால் பண்ணை வேலை என்று பொதுவாகச் சொல்லும்போது ஏதோ வைக்கோல் போரின்மேல் வெயில் காய்வது போன்ற ஒரு படம் மனத்தில் வந்துவிடுகிறது.

சர்க்கரை பீட்டையே எடுத்துக்கொள்வோம். போர்க்காலத்தில் அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்ததால் இந்தப் பயிர் அரசுக்கு மிகவும் வேண்டியதாக இருந்தது. அக்காலத்தில் விதைக்கப்பட்ட பீட் விதை ஒவ்வொன்றும் உண்மையில் பல விதைகள் ஒட்டிக்கொண்ட ஒரு முடிச்சு. ஒன்றை ஊன்றினால் மூன்று நான்கு முளைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வரும். அப்படியே விட்டால் கிழங்கு பருக்காது. ஆகவே கோடையின் தொடக்கத்தில், குட்டைக் கைப்பிடி கொண்ட களைக்கொட்டால் சால் நெடுகிலும் இடைவெளி விட்டுக் கொத்திக்கொண்டே போய், எஞ்சிய ஒவ்வொரு குத்திலும் ஒரே ஒரு செடியை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கையால் பிடுங்கி எறிய வேண்டும். நிமிர முடியாது. நிமிர்ந்தால் அடுத்த செடி எட்டாது. இலையுதிர் காலத்தில் அறுவடை வேறு விதமான தண்டனை. கிழங்கை மண்ணிலிருந்து இளக்கிவிட்டபின், நுனியில் கொக்கி வைத்த ஒரு பெரிய கத்தியால் கிழங்கைக் கொத்தித் தூக்கி, மறு கையில் பிடித்து, இலைக்கொத்தை ஒரே வெட்டில் சீவி, குவியலில் எறிய வேண்டும். குளிர்ந்த சேறும் பனியும் அப்பிய கிழங்குகள் அவை. விரல்கள் மரத்துப்போன நிலையில் கத்தியைக் கையாளுவது எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பருத்தி எடுப்பதில் ஜெர்மானியர்கள் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் மெதுவாகவே இருந்தார்கள். அந்தச் செடியையே பார்த்திராதவர்கள், காய்ந்த காய்த்தோலின் கூர்முனைகள் விரலைக் கிழிக்கும்போது பழகிய கையின் வேகத்தை எட்ட முடியவில்லை. பண்ணைக்காரர்கள் ராணுவத்திடம் முறையிட்டார்கள். ராணுவம் நாளொன்றுக்கு இத்தனை எடை என்று அளவு வைத்தது. பிறகு 1944இல், கூடுதலாக வேலை செய்பவர்கள் நாளொன்றுக்கு 1 டாலர் 20 சென்ட் வரை ஈட்டலாம் என்று எடைக்கூலி முறையும் வந்தது. வேலை செய்ய மறுத்தவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே என்ற விதியும் நடப்பில் இருந்தது. விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் பட்டாணியும் சோளமும் டப்பாவில் அடைக்கும் ஆலைகளிலும், அயோவாவில் வீரிய மக்காச்சோள விதைக்காக ஆண்பூக் கதிர்களைக் கிள்ளும் வேலையிலும் அவர்கள் நன்றாகவே தேறினார்கள். மக்காச்சோளத்தில் கதிர் கிள்ளுவது சில நாள்களுக்குள் முடிந்தாக வேண்டிய வேலை. நாள் தவறினால் விதை வீணாகிவிடும். ஆகவே அங்கே கைதிகளை அனுப்பாமல் இருந்திருந்தால் இழப்பு உறுதியாகியிருக்கும்.

தப்பி ஓடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்க முகாம்களிலிருந்து போர்க்காலம் முழுவதும் தப்பிய ஜெர்மானியர் சுமார் 2,200 பேர். மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. அவர்களில் பெரும்பாலோர் சில நாள்களிலேயே பிடிபட்டார்கள் அல்லது பசித்துத் தாங்களாகவே திரும்பினார்கள். சட்டையின் முதுகிலும் கால்சட்டையிலும் பெரிய எழுத்துகளில் கைதி என்று அச்சிட்டிருக்கும், ஆங்கிலம் தெரியாது, ஊருக்கும் தனக்கும் நடுவே அட்லாண்டிக் கடல் கிடக்கிறது. ஓடி எங்கே போவது? 1944 டிசம்பரில் அரிசோனாவின் பப்பாகோ பார்க் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி வெளியேறிய 25 பேரும் பிடிபட்டார்கள். கியோர்க் கெர்ட்னர் என்ற ஒருவர் மட்டும் 1945இல் நியூ மெக்சிகோவின் டெமிங் முகாமிலிருந்து ஓடி, வேறு பெயரில் வாழ்ந்து, 1985இல்தான் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார்.

ஓடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. பெரிய முகாம்களுக்குள் நாஜிக் கடும்போக்காளர்களின் கை ஓங்கியிருந்தது. 1943 நவம்பரில் ஓக்லஹோமாவின் டோன்காவா முகாமில், அமெரிக்கர்களுக்குத் தகவல் கொடுத்ததாக ஐயுற்று ஒரு கைதியை மற்றக் கைதிகளே அடித்துக் கொன்றார்கள். அந்தக் குற்றத்துக்காக ஐவர் 1945இல் தூக்கிலிடப்பட்டார்கள். இப்படிப்பட்ட சூழலில் சிறிய கிளை முகாமுக்கு மாற்றப்பட்டுப் பகல் முழுவதும் வயலில் இருப்பது, முதுகு ஒடிந்தாலும், பலருக்கு மூச்சுவிடும் இடமாக இருந்தது.

ஆனால் கிளை முகாம் என்றால் எப்போதும் பாதுகாப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். யூட்டா மாநிலத்தின் சாலினா என்ற சிற்றூரில் பீட் வயல் வேலைக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த கைதிகள் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தபோது, 1945 ஜூலை 8 நள்ளிரவில் ஓர் அமெரிக்கக் காவலர் கோபுரத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் கூடாரங்களின்மேல் வரிசையாகச் சுட்டார். 9 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவில் போர் முடிந்து அப்போது இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.


ஏர்முனை:

இருவருக்கும் நன்றி. கருவூலத்துக்கு முழுக் கூலியும் கைதிக்கு 80 சென்டும் என்ற செய்தி எனக்குப் புதியது. சாப்பாட்டு மேசை பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. ஜெர்மனியிலும் போர்க்கைதிகள் பண்ணைகளில் வேலை செய்தார்கள் அல்லவா? அங்கே இத்தகைய நினைவுகள் உண்டா?


வரப்பு (மறுமொழி):

மேசையைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. யார் யாருடன் உட்கார்ந்து உண்ணலாம் என்பதற்கு ஒவ்வொரு நாடும் என்ன விதி வைத்திருந்தது என்று பார்த்தால், அந்த நாடு தன் கைதிகளையும் தன் மக்களையும் எப்படி எண்ணியது என்பது வேறெதையும்விடத் தெளிவாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் மதிய உணவு முகாமிலிருந்து வர வேண்டும் என்பதுதான் முறை. பல இடங்களில் அது இரண்டு ரொட்டித் துண்டுகளும் நடுவே ஏதோ ஒன்றுமாக இருந்தது. பத்து மணி நேரம் வயலில் நிற்கும் ஆளுக்கு அது எம்மூலைக்கு? பண்ணை வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டு ஆள்களுக்குச் சமைப்பதையே அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். இரக்கமும் இருந்தது, நன்றாகச் சாப்பிட்டவன் நன்றாக வேலை செய்வான் என்ற கணக்கும் இருந்தது. மத்திய மேற்கு மாநிலங்களில் அந்தக் குடும்பங்களில் பலவும் ஜெர்மானிய வம்சாவளியினர். பாட்டியோடு ஜெர்மன் பேசி வளர்ந்தவர்கள் இருந்த வீடுகள் அவை. ஆகவே மேசை நினைவுகள் பொய்யல்ல என்றே எண்ணுகிறேன். அவை ஒரு பகுதியின், ஒரு வகைக் குடும்பத்தின் நினைவுகள், அவ்வளவுதான்.

அதே நாட்டின் தெற்கே வாருங்கள். 1944 ஏப்ரலில், அமெரிக்கப் படைவீரர்களுக்கான 'யாங்க்' என்ற வார இதழில் ரூபர்ட் டிரிமிங்காம் என்ற கறுப்பினப் படைவீரரின் கடிதம் வெளியானது. அவரும் உடன் வந்த கறுப்பின வீரர்களும் லூசியானாவில் ஒரு ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது, அங்கிருந்த உணவகத்தில் அவர்களுக்கு முன்பக்கம் இடமில்லை. சமையலறைப் பக்கம்தான் போக வேண்டியிருந்தது. அதே நேரத்தில் காவலர்களோடு வந்த ஜெர்மானியப் போர்க்கைதிகள் முன்வாசல் வழியாக நுழைந்து, மேசைகளில் அமர்ந்து, பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். சொந்த நாட்டுக்காகச் சீருடை அணிந்தவனுக்கு இல்லாத நாற்காலி எதிரிக்கு எப்படிக் கிடைத்தது என்ற அவரது கேள்விக்கு அந்த இதழுக்கு ஆதரவுக் கடிதங்கள் குவிந்தன. பண்ணை மேசையின் விருந்தோம்பலைப் புகழும்போது இந்த மேசையையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி ஜெர்மனி. 1939 செப்டம்பரில் போலந்து வீழ்ந்த கையோடு போலந்துக் கைதிகளை உருளைக்கிழங்கு அறுவடைக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 3 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள், பெரும்பாலும் பண்ணைகளில். 1940இல் அவர்களில் பெரும்பாலோரைக் கைதி நிலையிலிருந்து நீக்கிக் குடிமைத் தொழிலாளர் என்று மாற்றினார்கள். விடுதலை போலத் தோன்றும் இந்த மாற்றத்தால் போர்க்கைதிகளுக்கு இருந்த சர்வதேசச் சட்டப் பாதுகாப்பு அவர்களிடமிருந்து பறிபோனது. 1940 மார்ச் 8 அன்று வெளியான ஆணைகள்படி அவர்கள் சட்டையில் 'பி' என்ற எழுத்துச் சின்னத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மானியப் பெண்ணுடன் உறவு கொண்டால் மரண தண்டனை. ஒரே மேசையில் அமர்த்திச் சோறு போடக்கூடாது என்று பண்ணைக்காரர்களுக்கு அறிவுறுத்தினார்கள். பல ஊர்களில் போலந்து இளைஞர்கள் மற்றப் போலந்துத் தொழிலாளர்களின் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு மே மாத ஆணை ஒன்று, வேலைக்கு இன்றியமையாத அளவைத் தாண்டிப் போர்க்கைதிகளுடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மக்களைத் தடுத்தது. பிரெஞ்சுக் கைதிகளுடன் பழகியதற்காகச் சிறை சென்ற ஜெர்மானியப் பெண்கள் ஏராளம்.

இத்தனை அச்சுறுத்தலுக்கு நடுவிலும் விதியை மீறினார்கள் என்பதுதான் வியப்பு. பவேரியா போன்ற கத்தோலிக்கப் பகுதிகளில், ஒன்றாக வேலை செய்பவர் ஒன்றாகச் சாப்பிடுவதே பண்ணை வழக்கம் என்று கைதியையும் மேசைக்கு அழைத்த குடும்பங்களைப் பற்றி நாஜி உளவுப் பிரிவின் அறிக்கைகளே குறைபட்டுக்கொள்கின்றன. வேலைக்கு அனுப்பப்பட்ட பிரெஞ்சுக் கைதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் பண்ணைகளில்தான் இருந்தார்கள். பகலில் ஆளுக்கொரு வீட்டில் வேலை. இரவில் ஊரின் ஏதாவது ஒரு கூடத்தில், சன்னலுக்குக் கம்பி அடித்து, எல்லோரையும் ஒன்றாகப் பூட்டிவைப்பார்கள். குடியானவர் போர்முனைக்குப் போன வீடுகளில் உழவையும் கால்நடையையும் நடைமுறையில் கவனித்துக்கொண்டவர் கைதியாகவே இருந்ததும் உண்டு.

சோவியத் கைதிகளின் கதை இதிலிருந்து முற்றிலும் வேறு. ஜெர்மனி பிடித்த சுமார் 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மடிந்தார்கள். அவர்களுக்குப் பண்ணைக்கு அனுப்பப்படுவது என்றால் பன்றிக்கு அவித்த உருளைக்கிழங்கில் ஒன்றாவது கைக்கு எட்டும் வாய்ப்பு என்று பொருள். அந்த இடத்தில் கூலியைப் பற்றிப் பேசுவதற்கே ஒன்றுமில்லை.


நாற்றங்கால் (மறுமொழி):

ஒரு சிறு சேர்க்கை. ஆஸ்திரேலியாவில் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்ட இத்தாலியக் கைதிகளில் பலர் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு, இந்தியாவில் பெங்களூர் முதலான இடங்களில் இருந்த முகாம்களில் ஓரிரு ஆண்டுகள் கழித்துவிட்டுக் கப்பலேறியவர்கள். ஆஸ்திரேலியாவுக்கு வந்த இத்தாலியக் கைதிகள் மொத்தம் 18,000க்கும் மேல். 1943 முதல் அவர்களைக் காவலரே இல்லாமல், இருவர் மூவராகத் தனித்தனிப் பண்ணைகளில் தங்கவைத்தார்கள். அருகிலுள்ள சிற்றூரில் ராணுவத்தின் சிறு அலுவலகம் ஒன்று இருக்கும். அங்கிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார், கடிதங்களும் அவசியப் பொருள்களும் அங்கிருந்து வரும். பண்ணைக்காரர் அரசுக்கு வாரத்துக்கு ஒரு பவுண்டு (அன்றைய ஆஸ்திரேலிய நாணயம்) கட்டினார். கருஞ்சிவப்புச் சாயம் தோய்த்த பழைய ராணுவ உடைதான் அவர்களுக்கு அடையாளம்.

ஜப்பானியக் கைதிகளை இப்படி அனுப்பவில்லை. 1944 ஆகஸ்டு 5 அதிகாலையில் கௌரா முகாமிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர் வேலியை உடைத்துப் பாய்ந்தபோது 231 ஜப்பானியரும் 4 ஆஸ்திரேலியப் படைவீரரும் இறந்தார்கள். அப்போது சுற்றுப்புற வயல்களில் திரிந்த சிலருக்கு ஒரு பண்ணை வீட்டுப் பெண் தேநீரும் தின்பண்டமும் கொடுத்துவிட்டுத்தான் அவர்களைப் பிடிக்க வந்தவர்களிடம் ஒப்படைத்தார்.

இத்தாலியர்கள் 1946, 1947 ஆண்டுகளில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு 1950களில் அவர்களில் கணிசமானோர் குடியேறிகளாக அதே நாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். சிலருக்குப் பழைய பண்ணைக்காரரே பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார்.


அடங்கல் (மறுமொழி):

ஏர்முனை அவர்கள் எழுப்பிய அடிப்படைக் கேள்வியை, அதாவது மறுக்க முடியாதவனிடம் வேலை வாங்குவது முறையா என்பதை, எல்லோரும் சுற்றிவந்தார்களே தவிரத் தொடவில்லை என்று தோன்றுகிறது. சட்டம் என்ன சொன்னது என்பதை முதலில் பார்க்கலாம்.

1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி, உடல்நலமுள்ள சாதாரணப் படைவீரர்களைச் சிறைப்பிடித்த நாடு வேலைக்கு அனுப்பலாம். அவர்களுக்கு மறுக்கும் உரிமை இல்லை. அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்களுக்குக் கீழே உள்ள, ஹவில்தார் போன்ற சிறு தலைவர்களுக்கு மேற்பார்வை வேலை மட்டுமே கொடுக்கலாம். வேலைக்குப் போர் நடவடிக்கைகளுடன் நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது. அந்த வட்டாரத்தில் அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளியைவிட அதிக நேரம் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேண்டும். விவசாயம் போருடன் நேரடித் தொடர்பில்லாத வேலை என்பதால்தான் எல்லா நாடுகளும் கைதிகளை அங்கே அனுப்ப ஆவலாக இருந்தன. ஆகவே போர் நடந்துகொண்டிருந்தவரை அமெரிக்காவும் பிரிட்டனும் செய்தது சட்டப்படி சரியே. கட்டாயம் இருந்தது, அந்தக் கட்டாயத்துக்கு எல்லையும், கணக்கும், செஞ்சிலுவைச் சங்கத்தின் பார்வையாளர்கள் வந்து கேட்கும் வழியும் இருந்தன. அடிமைத்தனத்தில் இவை எதுவும் இருப்பதில்லை.

என் மனத்துக்கு ஒவ்வாத பகுதி போர் முடிந்த பிறகு தொடங்குகிறது. பிரிட்டனில் போர்க்காலத்தில் பண்ணைகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியர். 1941 ஜூலை முதல் வரத் தொடங்கி, ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனார்கள். ஜெர்மானியக் கைதிகளின் தொகை உச்சத்தைத் தொட்டது 1946 செப்டம்பரில், அதாவது ஜெர்மனி சரணடைந்து பதினாறு மாதங்களுக்குப் பிறகு: 4 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு பிரிட்டனின் பண்ணை வேலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செய்தவர்கள் அவர்கள். அமெரிக்காவிலிருந்து 1946இல் கப்பலேறியவர்களில் பெருந்தொகையினர் வீட்டுக்குப் போவதாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். இறங்கியபோது தங்களைப் பிரிட்டனிடமோ பிரான்சிடமோ ஒப்படைத்திருப்பது தெரிந்தது. பிரான்சில் அவர்களில் பலர் கண்ணிவெடி அகற்றவும் அனுப்பப்பட்டார்கள்.

இதற்குச் சட்டத்தில் இடம் எங்கே கிடைத்தது? 1929 உடன்படிக்கை, சமாதானம் முடிவான பின் இயன்றவரை விரைவில் கைதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது. ஜெர்மனியில் அரசே இல்லாததால் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஆளில்லை. கையெழுத்தாகாத வரை கைதிகளை வைத்துக்கொள்ளலாம் என்று வென்ற நாடுகள் பொருள்கொண்டன. இதை அடிமை முறை என்றே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் தேவாலயங்களிலும் பலர் கண்டித்தார்கள். பண்ணைக்காரரிடம் முழுக் கூலியை வாங்கிக்கொண்டு கைதிக்கு அற்பத் தொகையைக் கொடுக்கும் அதே ஏற்பாடு, போர்க்காலத்தில் நியாயமாகத் தோன்றியது, 1946இல் அப்படித் தோன்றவில்லை. உள்ளூர் மக்களோடு பழகத் தடையும் அதுவரை இருந்தது. 1946 டிசம்பரில்தான் அது தளர்ந்து, கிறிஸ்துமஸ் அன்று வீடுகளுக்கு விருந்துக்குப் போக அனுமதித்தார்கள். 1947 ஜூலையில் திருமணத் தடையும் நீங்கியது. அதன்பின் 796 திருமணங்கள் நடந்தன. திருப்பி அனுப்பும் பணி 1948இல் முடிந்தது.

அடுத்த ஆண்டே, 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை அந்த ஓட்டையை அடைத்தது. சமாதான ஒப்பந்தம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சண்டை நின்றவுடன் தாமதமின்றிக் கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. கண்ணிவெடி அகற்றுவது போன்ற ஆபத்தான வேலைக்குத் தாமாக முன்வருபவரைத் தவிர வேறு யாரையும் அனுப்பக் கூடாது என்றும் அதில் எழுதினார்கள். விவசாயமோ அனுமதிக்கப்பட்ட வேலைகளின் பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது கால் சுவிஸ் பிராங்க் கூலி என்ற விதி அப்படியே நிற்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த எண்ணை யாரும் மாற்றவில்லை.


ஏர்முனை:

அடங்கல் அவர்களின் விளக்கம் நான் தேடியதைத் தந்துவிட்டது. போர் முடிந்த பிறகும் வைத்திருந்தார்கள் என்பது நான் எதிர்பாராதது. ஒரே ஒரு துணைக்கேள்வி: திரும்பிப் போகாமல் பிரிட்டனிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டா? அவர்கள் பண்ணைகளிலேயே இருந்தார்களா?


அடங்கல்:

உண்டு. சுமார் 25,000 ஜெர்மானியர் தங்கினார்கள். பலருடைய ஊர்கள் போலந்துக்கோ சோவியத் ஒன்றியத்துக்கோ போய்விட்டன, அல்லது சோவியத் படைகளின் ஆட்சியில் இருந்தன. திரும்பிப் போக ஊரே இல்லை. ஆள் பற்றாக்குறை தீராததால், விரும்புபவர்கள் கைதி நிலையிலிருந்து விடுபட்டுப் பண்ணைத் தொழிலாளராகத் தொடரலாம் என்று அரசு 1947இல் வாய்ப்பளித்தது. பிற்காலத்தில் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியின் இலக்குக் காவலராகப் புகழ்பெற்று, 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் ஆடி முடித்த பெர்ட் டிரவுட்மன், முகாமிலிருந்து வெளிவந்தபின் சிறிது காலம் பண்ணையில்தான் வேலை பார்த்தார். பண்ணைத் தொழிலாளராகத் தொடர்ந்தவர்களுக்கு வேலை அதேதான். மற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு உரிய கூலி அதன்பின் நேராக அவர்கள் கைக்கே வந்தது.